ஏன் அக்கா சுத்திப் போறோம்?



போன மே மாதம் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனோம். 23 பிள்ளைகள், பொறுப்பாளர்கள் மூன்று பேர், ஒரு வாடகை வேன். புளிசோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் காலனியில் இருந்து புறப்பட்டோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பதினொன்றாம் வகுப்பு முடித்த ஒரு பெண் எழுந்து முன்சீட்டுக்கு வந்தாள். "நேரா போனா மெயின் ரோடு வந்துடுமே, ஏன் அக்கா சுத்திப் போறோம்?" என்று கேட்டாள்.

"அங்க ரோடு வேலை நடக்குதும்மா" என்று சொன்னோம்.

அது பொய். நேர்வழி ஒரு பெரிய ஊரின் நடுவே போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் 14 அன்று பக்கத்துக் காலனிப் பையன்கள் வேனில் அம்பேத்கர் பாட்டுப் போட்டுக்கொண்டு அந்த வழியாக வந்தார்கள். தேர்முட்டி அருகே வேனை மறித்து அடித்தார்கள். வழக்கு, எதிர் வழக்கு என்று போனது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து வேன் எதுவும் அந்த வழியாகப் போவதில்லை. 14 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றிப் போகிறது. கூட்டம் போட்டு யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. அன்றைக்கு ஓட்டுநரிடம்கூட நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவராகவே வண்டியைத் திருப்பினார். கூடுதல் டீசலுக்கு நாங்களாகவே பணம் கொடுத்தோம்.

பதினாறு வயதுப் பெண் கேட்ட ஒரு நேர்க் கேள்விக்கு மூன்று சமூகப் பணியாளர்கள் சேர்ந்து பொய் சொன்னோம். அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இந்தப் பதிவு அதனால்தான்.

இதில் 'நாங்கள்' என்றே எழுதப்போகிறோம். நாங்கள் மூன்று பேரும் ஒரே தெருவில், ஒரே தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவர்கள். எங்களில் இரண்டு பேர் சமூகவியல் முதுகலை படித்தோம். இதுவரை நாங்கள் போன பயணம் எதுவும் தனி ஆளாக முடிவு செய்ததில்லை. எங்கே போகலாம், எங்கே தங்கலாம், எந்த வழியாகப் போகலாம், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை எங்களுக்கு முன்பே தெரு முடிவு செய்து வைத்திருந்தது.

தாத்தா போன ஊர்கள்

எங்கள் தாத்தாவுக்கு நாற்பது ஊர்களுக்கு மேல் வழி தெரியும். எந்த ஏரிக்கரையில் இறங்கினால் எந்த ஊர் வரும், எந்த ஓடையை எந்த மாதத்தில் கடக்க முடியாது என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சின்ன வயதில் அவர் பெரிய ஊர்சுற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஒரு ஊரையும் ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை. எல்லாமே சாவு சேதி சொல்லப் போன ஊர்கள். ஊர்த் தெருவில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய உறவினர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய்ச் சேதி சொல்லவேண்டியது எங்கள் ஆட்களின் வேலை. நடுராத்திரி என்றாலும் போகவேண்டும், மழை என்றாலும் போகவேண்டும். போய் நின்று சொல்லிவிட்டு அவர்கள் கொடுக்கும் நெல்லையோ காசையோ வாங்கிக்கொண்டு திரும்பவேண்டும்.

அதனால் தாத்தா சொல்லும் வழியில் கோயிலும் சத்திரமும் வராது. "அந்த ஊர்ல புளியமரம் வரைக்கும்தான் போவலாம். இந்த ஊர்ல கெணத்தாண்ட நின்னா யாராவது ஊத்துவாங்க, கையேந்திக் குடிக்கணும். அங்க தெருவுக்குள்ள போகணும்னா செருப்ப கையில எடுத்துக்கணும்" என்பதுதான் வரும். நாற்பது ஊர்களிலும் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த நிலவியல்.

வயதான பிறகு அவரை எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார். திருவண்ணாமலை தீபத்துக்குக் கூப்பிட்டோம், கடலுக்குக் கூப்பிட்டோம். "நடந்தது போதும்டா" என்று திண்ணையில் படுத்துக்கொள்வார். 'தாத்தாவுக்கு வெளியே போவதே பிடிக்காது' என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். அது அவருடைய குணம் என்று நம்பினோம். அறுபது ஆண்டுகள் ஒருவரை அடுத்தவர் வீட்டுச் சாவுக்காக நடக்கவைத்துவிட்டு, பிறகு பயணம் பிடிக்காதவர் என்று பெயர் வைத்தோம்.

ஆயாவும் அம்மாவும்

ஆயாவுக்கு விழுப்புரம் ஆகாது. மருத்துவமனைக்கு என்றால்கூடப் பாண்டிச்சேரிக்குத்தான் போகவேண்டும் என்பார். "விழுப்புரம் எனக்குப் புடிக்காது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள் என்பதைக் கல்லூரியில் படித்தபோதுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். ஊருக்கு வந்து ஆயாவிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வாரம் சந்தைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் பாதி வழியில் திரும்பி ஓடிவந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேருந்து நிலையத்தில் இறங்க அவருக்குக் கால் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'ஆயாவுக்குப் பிடிக்காது' என்பது மட்டும்தான். காரணம் உதிர்ந்துபோய், விருப்பம் மட்டும் பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்திருக்கிறது.

அம்மாவுக்குப் பயணம் என்றால் வேலை. கரும்பு வெட்டப் போவது, செங்கல் சூளைக்குப் போவது. அடுப்பு, பாத்திரம், பாய், கைக்குழந்தை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டு வருவார்கள். முதுகலை படித்தபோது வகுப்புத் தோழிகள் மலையேற்றம் போகலாம் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் பணம் கேட்டோம். அம்மா சிரித்துவிட்டார். "வேல இல்லாம யாராவது மலையேறுவாங்களா? கூலி எவ்ளோ குடுக்கறாங்க?" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். தோளில் மூட்டையைச் சுமந்துகொண்டு வெயிலில் நடப்பதற்குக் காசு வாங்காமல் காசு கொடுப்பார்கள் என்பது அவருக்குப் புரியவில்லை. இன்றைக்கும் எங்களுக்கு முதுகுப் பையோடு நடக்கும் பயணத்தில் பெரிய ஆசை வந்ததில்லை. அம்மாவின் முதுகைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை எங்கிருந்து வரும்?

பேருந்தில் ஏறிய கதை

இதையெல்லாம் 'அந்தக் காலம்' என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பொதுப் பாதையில் நடக்கவும் பேருந்தில் உட்காரவும் நம்மவர்கள் எப்படிப் பெற்றார்கள் என்பதை வரிசையாக ஒருமுறை பார்த்துவிடுவோம்.

1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு மனிதர் தன் சொந்தக் காசில் வாங்கிய வண்டியில் சாலையில் போனதே அன்றைக்குப் போராட்டமாக இருந்தது. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லோருக்கும் உரியது என்று அரசு அறிவிக்கவேண்டி வந்தது. மோட்டார் பேருந்துகள் வந்தபோது தனியார் முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று உத்தரவு போட்டார். பேருந்து என்ற இயந்திரம் தானாகச் சாதியை ஒழிக்கவில்லை. உத்தரவு போட்டுத்தான் படிக்கட்டில் கால் வைக்க முடிந்தது.

1997-க்கு வருவோம். இப்போது கல்லூரியில் படிக்கும் உங்களுக்கு இது நீங்கள் பிறப்பதற்கு முன். ஆனால் உங்கள் அப்பா அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் மாவட்டங்களில் இருந்தும் அரசு எடுத்துவிட்டது. இன்றைக்கு உங்கள் பேருந்தில் 'விழுப்புரம் கோட்டம்', 'மதுரை கோட்டம்' என்று ஊர்ப் பெயர் மட்டும் இருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. எத்தனையோ தலைவர்களின் பெயர் போட்ட பேருந்துகளில் நம்மவர்கள் ஒரு மறுப்பும் இல்லாமல் ஏறிப்போனார்கள். நம்முடைய ஒரு பெயர் வந்ததும் அவர்களால் ஏற முடியவில்லை.

அதே 1997-இல், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு நாங்கள் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். வெளியூர் போகும்போது ஜன்னலோரம் உட்காராதே, டிரைவர் பக்கம் உட்கார், யார் பேர் கேட்டாலும் சொல்லாதே என்று அப்பா சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்போதிலிருந்துதான். இன்றைக்கும் பேருந்தில் ஏறினால் எங்கள் கால் தானாக ஓட்டுநர் பக்கம் போகிறது.

கடல் ஏன் பிடிக்கிறது?

எங்கள் குடும்பத்துக்குக் கடல் பிடிக்கும். அப்பா கையில் காசு இருந்த ஆண்டுகளில் எங்களைக் கூட்டிப்போன இடங்கள் மூன்று: பாண்டிச்சேரி கடற்கரை, மெரினா, வேளாங்கண்ணி. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. இருந்தாலும் வேளாங்கண்ணிக்குப் போனோம். கல்லூரியில் யாராவது உனக்கு மலை பிடிக்குமா கடல் பிடிக்குமா என்று விளையாட்டாகக் கேட்டால், யோசிக்காமல் கடல் என்போம்.

பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளரைப் படித்தபோதுதான் இந்த விருப்பத்தைத் திருப்பிப் பார்த்தோம். உணவு, இசை, படம் என்று நாம் நம்முடைய சொந்த ரசனை என்று நினைப்பவை நாம் வளர்ந்த வர்க்கமும் வீடும் உடம்புக்குள் பழக்கிவிட்டவை என்று 1979-இல் வெளிவந்த அவருடைய புத்தகம் சொல்கிறது. அந்தப் பழக்கத்துக்கு அவர் வைத்த பெயர் ஹாபிட்டஸ். அவர் பிரான்சின் வர்க்கங்களைப் பற்றி எழுதினார். எங்களுக்கு வர்க்கத்தோடு சாதியையும் சேர்த்துப் படிக்கவேண்டியிருந்தது.

கடற்கரையில் யாரும் நம்மை யார் என்று கேட்பதில்லை. மணலுக்கு ஊர்த் தெரு, காலனித் தெரு கிடையாது. சுண்டல் விற்பவர் காசை வாங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கையில் கொடுப்பார். ஆயிரம் பேர் கால் நனைத்த தண்ணீரில் நாமும் கால் நனைக்கலாம். இரவு தங்கவேண்டியதில்லை, கடைசிப் பேருந்தில் திரும்பிவிடலாம். யோசித்துப் பார்த்தால், அப்பா தேடியது கடலை மட்டும் இல்லை. பிள்ளைகள் முன்னால் யாரும் தன்னை அவமானப்படுத்த முடியாத ஓர் இடத்தையும் தேடினார். கிடைத்தது கடலாக இருந்தது. அந்த அலையும் காற்றும் உண்மையாகவே எங்களுக்குப் பிடித்துப்போனது. அந்த மகிழ்ச்சி பொய் இல்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்களுக்குப் பிடிக்காததையும் பார்க்கவேண்டும். வகுப்புத் தோழிகளுக்குக் கிராமம் பிடிக்கும். தோப்பு வீடு, கிணற்றுக் குளியல், திண்ணைத் தூக்கம் என்று உருகுவார்கள். எங்களுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அந்தக் கிணற்றில் யார் குளிக்கலாம், அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதுதான் முதலில் கண்ணில் படும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர் இந்தியக் கிராமத்தை ஏன் அவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தோழிகளுக்குக் கிராமம் அமைதியாகத் தெரிவதற்கும் ஒரு வளர்ப்பு இருக்கிறது. அந்த அமைதியைக் காப்பாற்ற யார் எங்கே நிறுத்தி வைக்கப்பட்டார்கள் என்பதைப் பார்க்காமல் வளர்ந்த வளர்ப்பு அது.

ஒருமுறை தோழிகளோடு கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்துக்குள் இருந்த ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்காரப் பாட்டி அன்பானவர். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே தமிழும் கன்னடமும் கலந்து, "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்று கேட்டார். தோழிகள் ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். எங்கள் முறை வந்தபோது வாய் தானாக வேறொரு சாதியின் பெயரைச் சொன்னது. பாட்டி இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார். அந்தச் சோறு இறங்கவில்லை. இரவு முழுக்கத் தூங்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அப்படிப்பட்ட வீடுகளில் தங்குவதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் எடுத்துக்கொள்வோம். 'லாட்ஜ்தான் வசதி' என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறோம்.

அப்படிப் பொய் சொன்னதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலைத் திரும்பப் படித்தோம். அது முழுக்கப் பயணங்களின் புத்தகம். 1901-இல் சிறுவன் பீமராவ் கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலில் போகிறான். மசூர் நிலையத்தில் மகர்கள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டிக்காரர் நடந்து வர, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இரவில் ஒரு சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்கும்போது, தாங்கள் முஸ்லிம்கள் என்று அந்தச் சிறுவன் சொல்லிப் பார்க்கிறான். அப்படியும் தண்ணீர் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பிறகும் பரோடாவில் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில்தான் தங்க முடிந்தது. பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள்.

பொய் சொன்ன அந்தச் சிறுவன்மேல் நமக்குக் கோபம் வருகிறதா? இல்லையே. அப்படியானால் எங்கள் பொய்க்கும் பழி எங்கே போகவேண்டும் என்பது விளங்கியது. ஆனால் ஒன்று. தண்ணீருக்காக வெளியாளிடம் சொல்லும் பொய் வேறு, நம் பிள்ளையிடம் சொல்லும் பொய் வேறு.

செஞ்சியில்

கோட்டைக்கு வருவோம். வழியில் ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினோம். கடைக்கார அம்மா பிள்ளைகளைப் பார்த்து, "எந்த ஊரு புள்ளைங்க? ஊரா, காலனியா?" என்றார். நாங்கள் வாய் திறப்பதற்குள் எட்டாம் வகுப்புப் பையன், "காலனி" என்று சத்தமாகச் சொன்னான். டீ வந்தது. காகிதக் கப்பில் வந்தது. எங்கள் கண் உடனே மற்ற மேசைகளுக்குப் போனது. இரண்டு பேர் கண்ணாடி கிளாசில் குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் காகிதக் கப்பில். கூட்டமாக வந்தால் எல்லோருக்கும் காகிதக் கப்தானா? இல்லை, அந்தப் பதிலுக்காகவா? இன்று வரை தெரியாது. பிள்ளைகள் டீயைக் குடித்தார்கள். நாங்கள் கப்பை எண்ணிக்கொண்டிருந்தோம். சாதி பார்க்கிறவருக்கு அந்த வேலை இல்லை. பயணத்தில் நம்மோடு கூட வரும் சுமை இதுதான்.

இராஜகிரி ஏறினோம். 1677-இல் சிவாஜி பிடித்தது, 1714-இல் தேசிங்கு ராஜன் போரில் இறந்தது எல்லாம் சொன்னோம். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டிய இராணுவக் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்ததைச் சொன்னோம். மேலே இருந்து கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் தெரியும். அவற்றோடு நான்காவதாக ஒரு சின்ன மலையும் உண்டு. சக்கிலி துர்க்கம் என்றும் சமார் டிக்ரி என்றும் பழைய குறிப்புகளில் அதற்குப் பெயர். தோல் வேலை செய்த மக்களின் சாதிப் பெயர். அதுவும் மதில் கட்டிய மலைதான். இன்றைக்கு முள் மண்டிக் கிடக்கிறது. சுற்றுலா வருகிறவர் யாரும் அங்கே போவதில்லை.

"அங்க யாரு இருந்தாங்க அக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. படைக்கும் குதிரைக்கும் தோல் இல்லாமல் போர் நடக்காது, நீங்களே யோசித்துப் பாருங்கள் என்றோம். பதினைந்து நிமிடம் அந்த மலையைப் பற்றியே பேசினார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை சொல்லிவிட்டோம். ரோடு வேலை எதுவும் இல்லை, நடந்தது இது என்று முழுவதும் சொன்னோம். 1934-இல் அம்பேத்கரும் தோழர்களும் ஏறத்தாழ முப்பது பேர் இப்படித்தான் சுற்றுலா கிளம்பி தௌலதாபாத் கோட்டைக்குப் போனதையும், வாசலில் இருந்த குளத்தில் கைகால் கழுவியதற்குத் தீட்டு என்று கூச்சல் போட்டதையும், கோட்டைக்குள் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலாள் ஒருவரைக் கூடவே அனுப்பியதையும் சொன்னோம். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"அப்போ திரும்பும்போது நேரா போலாம்" என்றாள் அவள். சிலர் சரி என்றார்கள், சிலர் பயந்தார்கள். எங்களுக்கும் பயம்தான். மற்றவர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாம் வீரம் காட்டக்கூடாது. பெற்றோர்களுக்கு போன் போட்டோம். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகளே பேசி மாற்றினார்கள். ஓர் அப்பா மட்டும், "வாங்க, ஆனா பாட்ட நிறுத்திட்டு வாங்க" என்றார். எல்லோரும் அதற்கு ஒத்துக்கொண்டோம்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே அந்த ஊருக்குள் நுழைந்தோம். பாட்டு இல்லை. யாரும் பேசவும் இல்லை. காலையில் இருந்து கத்திக்கொண்டு வந்த 23 பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தேர்முட்டியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தார்கள். வேன் மெயின் ரோட்டில் ஏறியது.

"அவ்ளோதானா அக்கா?" என்றாள்.

அவ்வளவுதான் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இதை வெற்றி என்று எழுதவும் மாட்டோம். அடுத்த முறை என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு கிலோமீட்டரில் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் காலையில் அவர்களுக்குத் தெரியாமல் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனோம். மாலையில் என்ன செய்கிறோம் என்று தெரிந்து, பேசி, அவர்களே முடிவெடுத்துப் போனார்கள். அந்த வேறுபாட்டுக்காகத்தான் நாம் வேலை செய்கிறோம்.

இனி

வளர்ப்பும் சமூகமும் விருப்பத்தைச் செதுக்குகின்றன என்றால், விருப்பம் மாறவும் செய்யும். அதற்குச் சூழல் மாறவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் உழைத்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். 'பெண்களுக்குச் சைக்கிளில் ஆசை இல்லை' என்று அதுவரை சொன்னவர்கள் அதற்குப் பிறகு சொல்லவில்லை. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. 'எங்கேயும் போகப் பிடிக்காது' என்று இருந்த எங்கள் தெரு அம்மாக்கள் சிலர் இப்போது வாரத்தில் ஒருநாள் சும்மாவே டவுனுக்குப் போய்வருகிறார்கள். அவர்களுக்குப் போகப் பிடிக்காமல் இருந்ததே இல்லை, டிக்கெட் காசுதான் தடுத்தது.

சட்டமும் கையில் இருக்கிறது. இந்திய எல்லைக்குள் எங்கும் தடையின்றிப் போகும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. பொது வழியைத் தடுப்பதும், பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ செருப்பு அணிவதையோ தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தின்படி குற்றம். இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறோம்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து அவர்கள் போன ஊர்களையும் போகாத ஊர்களையும் கேட்டு எழுதுங்கள். 'பிடிக்காது' என்று சொன்னால் அங்கே நிறுத்தாமல், எப்போதிலிருந்து என்று கேளுங்கள். எங்கள் தாத்தாவிடம் நாங்கள் முழுவதும் கேட்கவில்லை. அந்த நாற்பது ஊர்களும் அவரோடு போய்விட்டன.

இரண்டாவது, வெண்மணி, மேலவளவு, மகத், நாக்பூர் தீட்சாபூமி என்று நம் வரலாற்று இடங்களுக்குப் போங்கள். ஆனால் அஞ்சலி செலுத்த மட்டுமே பயணம் போகிறவர்களாக நாம் ஆகிவிடக்கூடாது. சாவு சேதி சொல்ல நடந்தவரின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு காரணமும் இல்லாமல், மகிழ்ச்சிக்காக மட்டும் ஓர் ஊருக்குப் போவதும் நமக்கு உரிமைதான்.

மூன்றாவது, பயந்தால் சுற்றிப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வேனுக்குள் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ரோடு வேலை நடக்கிறது என்று சொல்லாதீர்கள்.

அடுத்த ஆண்டு எங்கே போகலாம் என்று பிள்ளைகளிடம் சீட்டில் எழுதி வாங்கினோம். வழக்கம்போல் பதினோரு சீட்டில் கடல். நான்கில் ஊட்டி. அந்தப் பெண் ஊர்ப் பெயர் எழுதவில்லை. 'எந்த ஊரா இருந்தாலும் சரி, ஒரு ராத்திரி தங்கணும்' என்று எழுதியிருந்தாள். எங்கள் மையத்தில் இதுவரை யாரும் கேட்காத ஒன்று. எங்கே தங்குவது, பெற்றோர்களிடம் எப்படிப் பேசுவது என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.